எட்டில் ஒரு பங்கு நடந்து வரும் ஊர்

எங்கள் ஊரைப் பற்றி நாங்களே சொன்னால் தற்பெருமை என்பீர்கள், பக்கத்து ஊர்க்காரர்களைச் சொல்லச் சொன்னால் வயிற்றெரிச்சலில் பாதியை விழுங்கிவிடுவார்கள், ஆகவே தற்பெருமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களே சொல்கிறோம்: மேற்கு மலையின் அடிவாரத்தில், தென்னையும் திராட்சையும் பருத்தியும் விளைகிற ஆவாரங்கரட்டில், பத்து ஏக்கருக்கு மேல் வைத்திருந்த யார் செத்தாலும், பதினாறாம் நாள் காரியத்தில் வாரிசின் தலையில் தாய்மாமன் உருமால் கட்டி, அந்த வெள்ளைத் துணியின் கடைசி முடிச்சு இறுகியதுமே, செத்தவர் விட்டுப்போன சொத்தில் எட்டில் ஒரு பங்கு தானாக எழுந்து ஊருக்கு நடந்து வந்துவிடும்.

இது எப்படித் தொடங்கியது என்பதில் எங்களுக்குப் பெரிய அக்கறை கிடையாது, கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். சுதந்திரம் வந்த சில வருஷங்களில், ஒன்பது உறுப்பினர்கள் கொண்ட எங்கள் மன்றம், இருக்கிறவரை சம்பாதித்தவன் ஆண்டு அனுபவிக்கட்டும், போன பிறகு எட்டில் ஒரு பங்கு ஊருக்கு என்று தீர்மானம் போட்டது. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சிரித்தன. யார் போய் வசூலிப்பார்கள் என்று கேட்டன. நியாயமான கேள்விதான், ஏனென்றால் மன்றத்தில் வேலைக்கு இருந்தவர்கள் கால் ஊனமான ஒரு குமாஸ்தாவும் காது கேளாத ஒரு பியூனும் மட்டுமே. வசூலிக்க ஆளில்லை என்பதாலோ என்னவோ, நாலு மாதம் கழித்து ஜின்னிங் மில் முதலாளி அம்மையப்பன் இறந்து பதினாறாம் நாள் அவர் மகனுக்கு உருமால் கட்டியபோது, அவருடைய பெரிய வீட்டிலிருந்து இரண்டு அறைகளும் பருத்திக் கிட்டங்கி ஒன்றும் கழன்றுகொண்டு தெருவில் இறங்கி மன்றத்தை நோக்கி நடந்து வந்தன.

அன்று யாரும் அலறவில்லை என்பதைத்தான் நாங்கள் முதலில் சொல்லிக்கொள்வோம். தெருவில் மிளகாய் காயப்போட்டிருந்தவள் பாயை ஓரமாக இழுத்துக்கொண்டாள், பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, அறைகள் போகின்றன, ஐந்து நிமிஷம் ஆகும் என்று பிரயாணிகளிடம் சொன்னார், குமாஸ்தா நொண்டிக்கொண்டே வெளியே வந்து எங்கே வைப்பது என்று யோசித்தார், அதற்குள் கிட்டங்கி மன்றத்துக்குப் பக்கத்திலும் அறைகள் இரண்டும் புளியமரத்தடிப் புறம்போக்கில் கிழக்குப் பார்த்தும் அமர்ந்துவிட்டன. அதுவரை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. மறுவாரம் இருந்தது. பேரேட்டில் இது எப்படி வந்தது என்ற இடத்தில் குமாஸ்தா, தானே வந்தது, என்று எழுதிவைத்தார், அதற்குப் பிறகு வந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் அதையே எழுதினார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வந்தன. அரிசி மண்டிக்காரரின் மாடி மட்டும் கீழ்த்தளத்தை விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தது, அதுதான் எங்கள் ஆஸ்பத்திரி, அதன் ஜன்னல்கள் ஏன் அவ்வளவு பெரிது என்று புது டாக்டர்கள் கேட்பார்கள். மாந்தோப்பு ஒன்று வேரோடு, நிழலோடு, தூக்கணாங்குருவிக் கூடுகளோடு வந்தது. ஒரு அம்பாசிடர் கார் டிரைவர் இல்லாமல் வந்து, பிரசவ வலி எடுத்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு அலைந்து, பதினேழு வருஷம் கழித்து அச்சு முறிந்து நின்றது. எது வர வேண்டும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை, அதுவே தீர்மானிக்கும், ஆனால் வாரிசு எதைப் பொத்திப் பொத்தி வைத்தாரோ அதுதான் முதலில் கிளம்பும் என்பது எங்கள் அனுபவம். நாங்களும் பழகிக்கொண்டோம். அறைகள் இடிக்காமல் திரும்பட்டும் என்று தெருமுனைகளை அகலமாக விட்டோம், மின்சாரக் கம்பிகளை உயர்த்திக் கட்டச் சொல்லி மனுக் கொடுத்தோம், தேர் வரும்போது செய்வதுபோல அது வரும் வழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம், பெண்கள் குலவையிட்டார்கள். பதினாறாம் நாளில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

இந்த வரியை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பினவர், அந்த முதல் அம்மையப்பனின் பேரன் போஜராஜன். கெட்ட மனிதர் அல்ல, இன்றைக்கும் அவர் மில்லில் வேலை செய்பவர்கள் அவரைத் திட்டியதில்லை. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவருடைய அப்பா இறந்தபோது, எங்கள் ஊரில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். முடிச்சு விழுந்தால்தானே பங்கு நடக்கும், முடிச்சே விழாவிட்டால் என்று கணக்குப் போட்டு, பதினாறாம் நாள் வந்த தாய்மாமனுக்குச் சாப்பாடு போட்டு, உருமால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பங்கு நடக்கவில்லை. எண்பது ஏக்கரும் மில்லும் வீடும் அப்படியே இருந்தன. ஆனால் உருமால் கட்டாதவன் வாரிசு இல்லையே, அதனால் அவற்றில் ஒன்றும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அப்பாவின் அறைக் கதவு வேலைக்காரி தொட்டால் திறந்தது, அவர் தொட்டால் திறக்கவில்லை. மாடுகள் அவரைக் கண்டால் வெளியாளைப் பார்த்ததுபோல் மிரண்டன. அவருக்காகத் தென்னையில் ஏறினவன் கைக்குக் குரும்பையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மில் நன்றாகத்தான் ஓடியது, அவர் உள்ளே காலெடுத்து வைத்தால் நின்றது, வெளியே போனால் மறுபடி ஓடியது. தன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தவரிடம் கட்டிய மனைவியே ஒருநாள் மறதியாக, வாங்க, யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவர் தேர்தலில் நின்றார், மூன்றாம் வார்டில் ஜெயித்தார், பழைய தீர்மானத்தை ரத்துசெய்யும் புதுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இனி எந்தப் பங்கையும் ஊர் ஏற்காது, ஏற்கனவே வந்தவை விரும்பினால் வந்த வழியே திரும்பலாம் என்பது அதன் வாசகம். மன்றம் போட்டதால் வந்தது, மன்றம் எடுத்தால் போய்விடும் என்று நாங்களும் நம்பினோம். பள்ளிக்கூட அறைகள் அந்த வாரமே லேசாக அசைந்ததாகத் தலைமையாசிரியை சொன்னார்.

ஊர் இரண்டுபட்டது. அப்பன் சொத்து பிள்ளைக்கே என்று பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், அதை உரக்கச் சொல்லிக்கொண்டு ஊர்வலம் போனவர்களில் பாதிப் பேருக்கு அப்பன் விட்டுப்போனது ஒரு துண்டும் மூலவியாதியும் மட்டும்தான். தலைமுறைக்கு எட்டில் ஒன்று போனால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான் என்றார் ஒருவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாழ்கிற ஊர் இது என்றார் இன்னொருவர், அது எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று ஆடு வைத்திருக்கும் மொக்கச்சாமி, மூன்று ஆட்டில் எட்டில் ஒன்று என்றால் எது போகும், கால் போகுமா தலை போகுமா என்று டீக்கடையில் புலம்பினார். பத்து ஏக்கருக்குக் கீழே இருப்பவனிடமிருந்து ஒரு ரோமம்கூடப் போகாது என்று எடுத்துச் சொன்னோம். நாளைக்கே எனக்குப் பத்து ஏக்கர் வந்துவிட்டால் என்று கேட்டார். எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஒன்பது பேரில் நாலு பேர் ரத்து வேண்டும் என்றார்கள், நாலு பேர் வேண்டாம் என்றார்கள், மிச்சமிருந்த ஒருவர் ஆறாம் வார்டு சிலம்பாயி. வாக்கெடுப்புக்கு நாள் குறித்த பிறகுதான் சிலம்பாயியின் அப்பா பெத்தண்ணசாமி தன் தோப்பில் கட்டிலில் படுத்தபடியே இறந்துபோனார், வாக்கெடுப்பு அவருடைய பதினைந்தாம் நாளில் விழுந்தது, மறுநாள் உருமால்.

புருஷனைப் பறிகொடுத்து அப்பாவிடம் திரும்பி வந்து, இருபது வருஷமாக அந்த இருபத்து நாலு ஏக்கர் தென்னையையும் திராட்சையையும் நடத்துகிறவர் சிலம்பாயி. தோப்பின் உயிர் அதன் நடுவில் இருந்த கிணறு. எங்கள் ஊர் நிலத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை வைத்துத்தான் நாங்கள் சோறாக்குகிறோம், பெத்தண்ணசாமி மட்டும் ஏழு வருஷம் பாறைக்கு வெடி வைத்து தொண்ணூறு அடி இறங்கி நல்ல தண்ணீரைக் கண்டார். கோடையிலும் வற்றாது. அந்தத் தோப்பில் எட்டில் ஒரு பங்கு எழுந்து நடந்தால் அது கிணறாகத்தான் இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும், சிலம்பாயிக்கும் தெரியும்.

பத்தாம் நாள் போஜராஜன் துக்கம் விசாரிக்க வந்தார். பந்தலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பெத்தண்ணசாமியைப் பற்றி நல்லதாகவே பேசிவிட்டு, பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

“அக்கா, வீடு போனா இன்னொரு வீடு கட்டிக்கலாம். கெணறு போனா என்ன பண்ணுவீங்க? எட்டுல ஒண்ணுன்னு சொல்லி மிச்சம் ஏழையும் கொல்லுற வரி இது. எங்கப்பா நெலத்துக்குத் தீர்வை கட்டுனாரு, பருத்திக்கு வரி கட்டுனாரு, மில்லுக்கு வரி கட்டுனாரு. செத்ததுக்குமா ஒரு வரி கட்டணும்?”

போஜராஜன் சொன்னது அத்தனையும் உண்மைதான். யோசிக்கிறேன் தம்பி என்று மட்டும் சொல்லி சிலம்பாயி அவரை அனுப்பிவைத்தார். அந்த நாலைந்து நாளும் விடிந்ததும் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொள்வார், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். ரத்துக்குத்தான் கை தூக்குவார் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம், அதற்காக அவரைக் குறை சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

பதினைந்தாம் நாள் காலை, நடந்து வந்த அந்தப் பருத்திக் கிட்டங்கியில்தான் மன்றம் கூடியது. உள்ளே ஒன்பது பேர், வெளியே ஊர் மொத்தமும். போஜராஜன் நன்றாகப் பேசினார், சம்பாதிக்கிறவன் யாருக்காகச் சம்பாதிக்கிறான், பிள்ளைக்காகத்தானே என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். எதிர்த்தரப்பில் பேசிய நாலு பேரும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அம்பாசிடர் கார் என்று பாடிய பாட்டையே பாடினார்கள். கடைசியில் தலைவர் சிலம்பாயியைப் பார்த்தார். சிலம்பாயி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், மைக்கைத் தொடவில்லை.

“தலைவரே, கெணறு போனா என் தோப்பு காஞ்சுரும். அது எனக்குத் தெரியும். பயமாத்தான் இருக்கு. அஞ்சு நாளா அந்தக் கெணத்து மேட்டுலதான் உக்காந்திருந்தேன், கைய தூக்கிருவோமான்னு. அது எங்கப்பா வெட்டுன கெணறுன்னு ஊரே சொல்லுது, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வெடி வச்சது எங்கப்பா. மண்ணையும் கல்லையும் தலையில சொமந்து மேல ஏறுனது கெழக்குத்தெரு பொம்பளைங்க. ஏழு வருசம். தண்ணி வந்த அன்னைக்கு நாங்க கெடா வெட்டித் தின்னோம், அவங்களுக்குக் கூலியக் குடுத்து வேலிக்கு வெளிய அனுப்புனோம். கெழக்குத்தெரு ஆளுங்க அந்தக் கெணத்துல கைய வைக்கக் கூடாதுன்னு அப்பயும் வச்சிருந்தோம், இன்னைக்கும் வச்சிருக்கோம். அப்பாவ மட்டும் சொல்லல. இருவது வருசமா நடத்துறது நான்தான், நானும் ஒரு குடம் குடுத்ததில்ல.”

எங்களில் பல பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஏனென்றால் அன்று வேலிக்கு உள்ளே உட்கார்ந்து கெடா தின்றவர்கள் நாங்கள்.

“அப்பன் சொத்து பிள்ளைக்குன்னு சொல்றீங்க. சரி, நான் பிள்ளைதான். வெட்டுனவ நான் இல்லையே. ரத்து வேண்டாம்” என்று சொல்லிவிட்டு சிலம்பாயி உட்கார்ந்தார்.

நாலுக்கு ஐந்தாகத் தீர்மானம் தோற்றது. எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதைச் சொல்ல வெட்கம் என்ன இருக்கிறது, அழுதவர்களும் உண்டு. எத்தனையோ அறைகளும் தோப்புகளும் எங்கள் ஊருக்கு நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறோம், தெரிந்தே தன் சொத்தைத் தானே வழியனுப்பிய ஆளை அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் காரியத்தில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் உருமாலைப் பங்காளி வீட்டுப் பையனுக்குக் கட்டுவதுதான் வழக்கம் என்று சொல்லி, சிலம்பாயியின் சித்தப்பா மகன் தலைக்குக் குளித்து, தலையை வாரிக்கொண்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான். துணியோடு வந்த தாய்மாமன் சடையாண்டிக்கு எண்பது வயது, ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது, ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. அவர் அந்தப் பையனைத் தாண்டிப்போய் சிலம்பாயியின் முன்னால் நின்றார்.

“கட்டுனா எந்தங்கச்சி மகளுக்குத்தான் கட்டுவேன். வேற தலைக்குன்னா துணிய மடிச்சு எடுத்துட்டுப் போறேன். அப்புறம் போஜராசன் வீட்டு மாடு மாதிரி உங்களையும் எதுவும் சீண்டாது” என்றார்.

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சித்தப்பா மகன் நைசாக எழுந்து பின்வரிசைக்குப் போனான். நரைத்த தலைமுடி மேல் வெள்ளை உருமாலைச் சுற்றி, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிழவர் கடைசி முடிச்சைப் போட்டார்.

கிணறு எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது தரைக்குள் நின்றபடியே வந்தது. முன்னால் மண் விலகி வழிவிட்டது, பின்னால் மூடிக்கொண்டது, கைப்பிடிச் சுவர் மட்டும் ஆற்றில் பரிசல் வருவதுபோல் தரைக்கு மேலே தெரிந்தது, உள்ளே தொண்ணூறு அடித் தண்ணீரும் தளும்பாமல் வந்தது. தோப்பு வேலி தானாகத் திறந்தது. சிலம்பாயி உருமாலோடு முன்னால் நடந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைத்தெருவில்தான் நிற்கும் என்று நாங்கள் அங்கே தெரு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கோலம் போட்டுக் காத்திருந்தோம், அது எங்கள் கோலங்களைத் தாண்டிப்போனது, மன்றத்தைத் தாண்டிப்போனது, வடக்குத்தெரு வீடுகள் ஒவ்வொன்றும் தன் வாசலில் நிற்காதா என்று பார்த்திருக்க அதையும் தாண்டிக் கிழக்கே திரும்பியது. இத்தனை வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு எதுவும் கிழக்குத்தெருவுக்குப் போனதில்லை, அங்கே யாரும் வழியில் தண்ணீர் ஊற்றியிருக்கவும் இல்லை. ரேஷன் கடைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், கிணற்று மண் சுமந்தவர்களில் ஒருவரான குருவம்மாவின் வீட்டுக்கு எதிரே, கிணறு நின்றது.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அடுத்த கோடையில் சிலம்பாயியின் தோப்பில் நாற்பது தென்னை காய்ந்து மொட்டையாக நின்றன, திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு மானாவாரியாகத் துவரையும் எள்ளும் விதைத்தார், இன்றும் அப்படித்தான் பிழைக்கிறார், முன்பு வந்ததில் பாதிகூட வருவதில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள், எங்கள் காதில் விழும்படி சொல்வதில்லை. போஜராஜன் அன்று கூட்டத்தோடு கூட்டமாகக் கிழக்குத்தெரு வரை வந்து, வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் ஒதுங்கித் தன் தாய்மாமனுக்குப் போன் செய்து, நீங்க ஒருநாள் வரணும் மாமா என்று சொன்னதைப் பல பேர் கேட்டார்கள். அந்த மாதமே மில்லில் எட்டில் ஒரு பங்கு புறப்பட்டு வந்தது, அவர் வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்தது.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது கிணறு நின்ற அந்த முற்பகலைப் பற்றி. குருவம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, மண் சுமந்த முதுகு நிமிர்வதில்லை, குனிந்தபடியே வாசலுக்கு வந்து எதிரே நின்ற கிணற்றைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் கயிற்றையும் செம்பையும் எடுத்துக்கொண்டு வந்தார், சுவரில் சாய்ந்து செம்பை இறக்கினார், நாங்கள் உதவப் போனதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். தானே சேந்தி, தானே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு பாதிச் செம்பைக் குடித்து முடித்தார்.

“நல்ல தண்ணி, நல்ல தண்ணின்னு நாப்பது வருசமா சொன்னாங்க. நெசந்தான்” என்றார்.

சிலம்பாயி உருமால் கட்டிய தலையோடு அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். குருவம்மா மீதிச் செம்பை அவர் பக்கம் நீட்டினார். சிலம்பாயி இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், செம்பில் வாயை வைத்தே குடித்தார், குடிக்கும்போதே அழுகை வந்து புரையேறியது. கிழவி எட்டி அவர் தலையில் தட்டினார்.

“மெதுவாக் குடி தாயி. இனிமே இது எங்கயும் போகாது.”